வெடிமருந்து தேடிய புதன்கிழமைகள்

அந்தப் புதன்கிழமை நான் கைத்துவக்கால் சுட்ட ஐந்து ரவையும் ஒரே இடத்தில் போய் விழுந்தன.

இலக்குக் கடுதாசியை இழுத்துக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தோம். ஐந்து ஓட்டையையும் ஒரு சோடாப் போத்தல் மூடியால் மறைத்துவிடலாம். துவக்கு உதைக்கவில்லை. மணிக்கட்டு நோகவில்லை. துவக்கை வெறுமையாக்கிவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் கரிகூட இல்லை. பக்கத்தில் நின்ற ஆர்னே காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டான்.

“எப்பிடி?”

ஆர்னே கதைப்பது நோர்வேஜிய மொழிதான். ஆனால் என்னுடைய காதில் அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நாளும் தேடிய வெடிமருந்து இதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பின்லாந்தில் செய்தது. பச்சையும் சாம்பலும் கலந்த பொடிக் குறுணி. இதற்குமேல் தேட ஒன்றும் இல்லை. ஆனால் “இதுதான்” என்று சொல்லிவிட்டால் அடுத்த புதன்கிழமை ஆர்னேயோடு எதைக் கதைப்பது?

“பரவாயில்லை… இன்னொண்டும் போட்டுப் பாப்பமே?” என்றேன்.

ஆர்னே கடுதாசியை ஒருதரம் பார்த்தான், என்னை ஒருதரம் பார்த்தான். “பாக்கலாம். சுவீடன்காரன்ரை மருந்து ரின் ஒண்டு என்னட்டைக் கிடக்கு. வாற புதன் கொண்டு வாறன்.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. வாற புதனுக்கும் கதைக்க ஆள் இருக்கு.

நிலவறைக்குள் ஒரு சங்கம்

போன கிழமை ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் இடத்தில் எனக்கு வேலை கிடைத்த கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு சிநேகிதர், “உமக்கு உந்தத் துவக்குப் பழக்கம் எப்பிடி வந்தது? அதை எழுதும்” என்று கேட்டார். ஒஸ்லோவில் இதை என்னிடம் கேட்காத தமிழர் இல்லை.

என் மனைவி வசந்தி எங்கள் மகள் நிலானியைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் போன வருடம் அது. சண்டை பிடித்துக்கொண்டு போகவில்லை. அவளுடைய சகோதரிமார் எல்லோரும் அங்கேதான். “இஞ்சை சுவரோடை கதைச்சுக் கதைச்சு எனக்கு வாய் புளிச்சுப் போச்சு” என்றாள். நானும் பின்னாலே வருவதாகத்தான் பேச்சு. எனக்கு இங்கே நிரந்தர வேலை. அதை விட்டால் இன்னொன்று கிடைக்குமா என்ற பயம். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போய், ஒருநாள் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்சோஸில் எட்டாம் மாடி வீடு. நாலு அறைகளில் மூன்றுக்குள் நான் போவதே இல்லை. வேலையில் இயந்திரங்களின் இரைச்சல், வீட்டில் குளிர்பெட்டியின் இரைச்சல். சில சனிக்கிழமைகளில் பின்னேரம் ஆகும்போதுதான் காலையிலிருந்து நான் வாய் திறக்கவே இல்லை என்று நினைவு வரும். தொண்டையைச் செருமிப் பார்ப்பேன், சத்தம் வருகிறதா என்று.

மொழி படிப்பித்த ரீச்சர் முன்பு ஒருநாள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. “நோர்வேஜியரோடு பழக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு சங்கத்தில் சேருங்கள். தெருவில் பேசமாட்டார்கள், சங்கத்தில் பேசுவார்கள்.” எனக்குப் பாட்டு வராது. பனிச்சறுக்குப் பலகையில் ஏறினால் பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வீட்டுக்குக் கிட்டடியில் இருந்தது கைத்துவக்குச் சங்கம் ஒன்றுதான். மாடிக் கட்டடத்துக்கு அடியில், யுத்தம் வந்தால் சனம் ஒளிப்பதற்கென்று கட்டிய நிலவறை. குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்த நான், கடல் கடந்து வந்து இன்னொரு பங்கருக்குள் நானாகவே இறங்கினேன்.

செய்தி எங்கள் சனம் கூடும் கோயிலுக்குப் போய்ச் சேர எத்தனை நாள் எடுக்கும்? பஸ் ஓட்டும் சிவம் அண்ணை, எங்கள் ஊர்க்காரர், என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

“டேய் ராசன், வெடிச்சத்தத்துக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்? இஞ்சை வந்து நீயாத் தேடிப் போய்க் கேக்கிறியோ? விசரே உனக்கு?”

“விளையாட்டு அண்ணை. கடுதாசிக்குத்தான் சுடுறது.”

“உனக்கு விளையாட்டு. சனம் என்ன கதைக்குது தெரியுமே? ஆருக்காக உவன் பழகுறான் எண்டு கேக்குது.”

இலங்கையில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். யார் யாரோடு நிற்கிறார் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கோயிலில் என்னைக் கண்டதும் கதை சட்டென்று மழைக்கும் விரதத்துக்கும் மாறும். எனக்குக் கோபம் வந்தது. போங்கோ, நீங்களும் உங்கடை கதையும் என்று நானும் போவதைக் குறைத்துவிட்டேன். ஆக, அந்த நிலவறையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

கேட்கக்கூடிய ஒரே கேள்வி

ஆனால் சங்கத்திலும் ஒருவரும் பேசவில்லை!

வருவார்கள், தலையாட்டுவார்கள், சுடுவார்கள், சுட்ட ரவைகளின் வெற்றுக் கோதுகளைக் கூட்டி அள்ளுவார்கள், போவார்கள். ஒருவர் மட்டும் ஒருநாள், “உங்கடை நாட்டிலை சண்டை நிண்டிட்டுதாமே?” என்று கேட்டார். ஓம் என்றேன். நல்லது என்றார். அந்த மாதத்துக்கான சம்பாஷணை அவ்வளவுதான். கலியாணம் கட்டினவனா, பிள்ளைகள் எத்தனை என்று எங்கள் ஆட்கள் முதல் நிமிடத்திலேயே கேட்பார்களே, அதை இங்கே பத்து வருடம் போனாலும் கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதைக் குறைவாம்.

மணிக்கட்டு நோவால்தான் வாசல் திறந்தது. நாள் முழுக்க ஈரத் துணி இழுத்த கைக்குக் கடையில் விற்கும் ரவையின் உதை தாங்கவில்லை. ஒரு நாள் கையை உதறிக்கொண்டு நின்றேன். மூலையில் தனியாக நின்று சுடும் நெட்டை மனிதன் கிட்ட வந்தான். அவன்தான் ஆர்னே. என் வயதுதான் இருக்கும். லிஃப்ற் திருத்தும் வேலை, வெஸ்ட்லி என்ற இடத்தில் வீடு. இந்த இரண்டையும் அறியவே எனக்குப் பிறகு ஒரு வருடம் எடுத்தது.

“என்ன மருந்து போட்டிருக்கு?” என்று கேட்டான்.

“தெரியாது. கடையிலை வாங்கினது.”

“கைக்கு ஏத்த மருந்தை நீயாத் தெரிஞ்சு, நீயாப் போட்டால் நோகாது.”

அதற்குப் பிறகு அவன் நிறுத்தவேயில்லை. எந்த மருந்து கெதியாக எரியும், எது ஆறுதலாக, மெல்ல மெல்ல எரியும், எது குளிரில் சோம்பும் என்று முக்கால் மணித்தியாலம் பேசினான். மற்ற இரண்டு பேரும் வந்து சேர்ந்து, இல்லை அது சரியில்லை, இதுதான் நல்லது என்று வாதாடினார்கள். நான் நடுவில் வாய் பிளந்து நின்றேன். அட, உங்களுக்கெல்லாம் பேச்சு வருமா!

அன்று கண்டுபிடித்தேன். இந்த ஊரில் முன்பின் தெரியாத மனிதனிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. “நீ என்ன மருந்து போடுறாய்?”

உதைக்காத மருந்து

ஆர்னேயும் நானும் புதன்கிழமைகளில் சுடும் கூடத்துக்குப் பக்கத்து அறையில் இருப்போம். மேசையில் வெற்றுக் கோதுக்குள் மருந்து போட்டுப் புது ரவை அடைக்கும் கைப்பொறி, சின்னத் தராசு, மருந்து செய்தவர்களே வெளியிட்ட அளவுப் புத்தகம்.

வெடிமருந்து என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தவன் நான். அப்படி இல்லை. கைத்துவக்கின் குழல் குட்டை. ஆறுதலாக எரியும் மருந்தைப் போட்டால், ரவை வெளியே போன பிறகும் மருந்து எரிந்து முடியாது. மிச்சம் குழல் வாயில் பெரிய நெருப்பாகக் கக்கும், கையையும் உதைக்கும். கெதியாக எரியும் மருந்தில் கொஞ்சம் போதும், உதை குறைவு. ஆனால் கொஞ்சம் என்பதுதான் ஆபத்து. கோதின் அடியில் அது கிடப்பதே தெரியாது. மறந்துபோய் இரண்டாம் தரம் கொட்டினாலும் கோது நிரம்பாது. அந்த ரவையைச் சுட்டால் துவக்கு கையிலேயே வெடிக்கலாம்.

“பொங்கின மாதிரி இருக்கிற மருந்தாத் தேடுவம்” என்றான் ஆர்னே. “ரெண்டு தரம் கொட்டினால் வெளியிலை வழியோணும். எங்களுக்குத் தெரியோணும்.”

அவனுக்குச் சில சட்டங்கள் இருந்தன. மேசையில் ஒரு ரின் மட்டும்தான் இருக்கலாம். மருந்தை வேறு போத்தலுக்கு மாற்றக்கூடாது. புத்தகத்தில் உள்ள ஆகக் குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும். ரவையைப் பொருத்துவதற்கு முன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். கொட்டும்போது கதைக்கக்கூடாது. நான் கதைத்தால் அவ்வளவையும் திரும்ப ரின்னுக்குள் ஊற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். நான் வேண்டுமென்றே ஒருநாள் கதை கொடுத்தேன். அன்று வீட்டுக்குப் போக நேரமாயிற்று. எனக்கென்ன, நல்லதுதான்.

ஸ்பெயின்காரனின் மருந்து மூக்குக்குள்ளேயே கரி பூசியது. அமெரிக்காக்காரனுடையது மெல்லிய செதில், தராசுத் தட்டில் ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்றது. ஒன்றைத் திறந்தால் நகப்பூச்சு மணக்கும், வசந்தி கண்ணாடிக்கு முன்னால் இருந்து ஊதி ஊதிக் காய வைப்பாளே, அதே மணம். அந்த ரின்னை மூடிவிட்டு, இது வேண்டாம் என்றேன். ஆர்னே ஏன் என்று கேட்கவில்லை.

பிறகுதான் பின்லாந்து மருந்து வந்தது. அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

இரண்டு குளிர்காலம் அப்படியே ஓடியது. சுவீடன்காரனுக்குப் புகை கூடிப்போச்சு என்றேன். செக் நாட்டுக்காரனுக்குச் சத்தம் கூடிப்போச்சு என்றேன். சத்தத்துக்கும் மருந்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று ஆர்னே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. போட்டி நாட்களில் மட்டும் நான் சத்தமில்லாமல் பின்லாந்து மருந்தையே அடைத்துக்கொண்டு போவேன். அவன் அதைக் காணவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இதற்கிடையில் என்னுடைய நோர்வேஜிய மொழி நன்றாகத் திருந்திவிட்டது. அழுத்தம், எரியும் வேகம், ஈரப்பதம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. தனிமை என்பதற்கு என்ன சொல் என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

சனிக்கிழமை வா

மூன்றாவது குளிர்காலத்தில் ஒருநாள் பனியை மிதித்துக்கொண்டு இரண்டு பேரும் ரெயின் நிலையம் வரைக்கும் நடந்தோம். எனக்குத் திடீரென்று ஒரு வேகம் வந்தது. எத்தனை காலத்துக்கு மருந்தையே கதைப்பது? என் வீட்டில் இவன் ஒரு வாய் சாப்பிட்டதில்லையே.

“சனிக்கிழமை வீட்டை வா ஆர்னே. சமைக்கிறன். சாப்பிடுவம்.”

அவன் நின்றான். சப்பாத்துப் பனியைத் தட்டினான். “அது நல்லாயிருக்கும்” என்றான். ரெயின் வந்துவிட்டது.

சனிக்கிழமை விடிய எழும்பி ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பொரியல். உறைப்பைப் பாதியாக்கினேன். கதிரைகளைத் துடைத்தேன். பூட்டிக் கிடந்த அறைகளையும் திறந்து விட்டேன், வீட்டில் ஆள் இருப்பதுபோல் இருக்கட்டும் என்று. மத்தியானத்திலிருந்து காத்திருந்தேன். லிஃப்ற் ஏறி வரும் சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எழும்புவேன். ஏழாம் மாடியில் நின்றுவிடும், இல்லாவிட்டால் ஒன்பதுக்குப் போய்விடும்.

ஆர்னே வரவில்லை.

கறியைச் சூடாக்கினேன், ஆறியது. பிறகும் சூடாக்கினேன். இருட்டிய பிறகு, சட்டியிலிருந்தே நின்றபடி கொஞ்சம் அள்ளிச் சாப்பிட்டேன். எனக்கு அழுகைதான் வந்தது, பொய் சொல்லவில்லை. வசந்தி போன அன்றுகூட விமான நிலையத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவன் நான். ஒரு நோர்வேஜியன் சாப்பிட வரவில்லை என்று சட்டிக்கு முன்னால் நின்று அழுதேன்.

நேரம்

அடுத்த புதன் போகாமல் விடுவோமா என்று நினைத்தேன். முகத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு நிறுத்துவோம் என்று போனேன்.

ஆர்னே ஏற்கெனவே மேசையில் ஒரு புது ரின்னை வைத்துவிட்டு இருந்தான். ஒன்றுமே நடக்காதது போல, “இது சுவிஸ்காரன்ரை” என்றான்.

“வேண்டாம்.”

“ஏன்?”

“பின்லாந்து மருந்துதான் எனக்குச் சரி. அது எனக்கு எப்பவோ தெரியும். முதல்நாள் சுட்டபோதே தெரியும். இனித் தேடத் தேவையில்லை. காணும்.”

வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மூன்று வருடத்து நூலை நானே அறுத்தாயிற்று.

“எனக்கும் தெரியும்” என்றான் ஆர்னே. “அண்டைக்கே கடுதாசியிலை பாத்தனான்.”

“பிறகேன் ஒவ்வொரு ரின்னாக் கொண்டு வந்தனி?”

“நீ இன்னொண்டு பாப்பம் எண்டாய்.” தராசுத் தட்டைத் தொட்டு நேராக்கினான், அது நேராகத்தான் இருந்தது. “எனக்கும் புதன்கிழமையை விட்டால் வேறை நாள் இல்லை.”

எனக்குக் கோபம் இன்னும் கூடியது. “அப்ப சனிக்கிழமை ஏன் வரேல்லை? நாள் முழுக்கப் பாத்துக்கொண்டு இருந்தனான்!”

ஆர்னே என்னை நேராகப் பார்த்தான். மேசையில் இருக்கும்போது அவன் அப்படிப் பார்ப்பதே இல்லை.

“நீ நேரம் சொல்லேல்லையே” என்றான்.

“என்ன நேரம்?”

“எத்தினை மணிக்கு வாறதெண்டு. ஃபோன் எடுத்துச் சொல்லுவாய் எண்டு இருந்தன். சேர்ட்டும் அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வீட்டிலைதான் இருந்தனான். பின்னேரமாச்சு. சரி, நீ சும்மா மரியாதைக்குச் சொல்லியிருக்கிறாய் எண்டு கழட்டி வைச்சிட்டன்.”

சனிக்கிழமை வா என்றால் வரவேண்டியதுதானே! எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு யார் மணி சொன்னது? காலையில் வந்தால் தேத்தண்ணி, மத்தியானம் வந்தால் சோறு, பின்னேரம் வந்தால் இரண்டும். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் மணி சொல்லாத அழைப்பு இங்கே அழைப்பே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. ரொம்சோஸில் நான் சட்டிக்கு முன்னாலும், வெஸ்ட்லியில் அவன் சேர்ட்டோடும், ஒரே சனிக்கிழமையில் இரண்டு பேர் காத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

“வாற சனி” என்றேன். “அஞ்சு மணி.”

“அஞ்சு மணி” என்று அவனும் சொன்னான்.

ஐந்து மணி

அன்று லிஃப்ற் எட்டாம் மாடியில் நின்றது. நடை கேட்டது, ஆனால் மணி அடிக்கவில்லை. கதவுத் துளையால் பார்த்தேன். ஆர்னே கையில் ஒரு பூச்சாடியோடு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வெளியே நிற்கிறான். இன்னும் ஐந்தாகவில்லை. திறக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நானும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஐந்துக்கு அடித்தான். திறந்தேன்.

சாப்பிட்டான். பாதி உறைப்புக்கே மூக்கும் கண்ணும் ஓடின. “நல்ல கறி” என்று சொல்லித் துடைத்துக்கொண்டு இரண்டாம் தரமும் போட்டான். அவ்வளவு வரைக்கும் சரி. அதற்குப் பிறகு கதைக்க ஒன்றும் இல்லை. கரண்டிச் சத்தமும் நின்றது. தேத்தண்ணி ஊற்றினேன்.

“அந்த சுவிஸ்காரன்ரை மருந்து…” என்று தொடங்கினேன்.

“இண்டைக்கு வேண்டாம்” என்றான்.

சுவரில் நிலானியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நாக்கு நுனியில் ஏதோ வந்து வந்து போவது எனக்குத் தெரிந்தது. கடைசியில் கேட்டுவிட்டான்.

“மகளோ? எப்பிடிப்பட்ட பிள்ளை?”

நான் சொன்னேன். இருட்டென்றால் பயம். முட்டையில் வெள்ளையை மட்டும் தின்பாள். பல்லு விழுந்ததைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது, எல்லாம் அவள் இங்கே இருந்தபோது நடந்தவை. இப்போது எத்தனை உயரம், எதற்குச் சிரிப்பாள், எதற்குக் கோபிப்பாள்? ஃபோனில் சாப்பிட்டியா, படிக்கிறியா என்பதற்குமேல் நான் கேட்டதில்லை. கோப்பையில் தேத்தண்ணி ஆறுமுன் என் கதை முடிந்துவிட்டது.

“அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்றேன்.

ஆர்னே கோப்பையைக் கீழே வைத்தான்.

“என்ரை மகனைப் பற்றி எனக்கு அவ்வளவும் தெரியாது” என்றான்.

மூன்று வருடம் ஒரே மேசையில் இருந்திருக்கிறோம். அவனுக்கு ஒரு மகன் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கதிரையை அவனுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, “பேர் என்ன?” என்று கேட்டேன். சொல்ல அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் காத்துக்கொண்டிருந்தேன்.